பூஜ்ஜியத்தில் பாதி

பூஜ்ஜியத்தில் பாதி எவ்வளவு? கணக்கு வாத்தியாரைக் கேட்டால் பூஜ்ஜியம்தான் என்பார். தென் ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் ரயில் பாதையில் உள்ள கோப்பிங்கன் என்ற ஊரில் கேட்டால் பதினாறரை மில்லிமீட்டர் என்று பதில் வரும். மாதிரி ரயில் பித்து உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் விடுகதைகளுக்கு இது நல்ல உதாரணம். 1859இல் பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் சாமான்கள் செய்யத் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்ஸிக் சந்தைக்குச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றைக் கொண்டுபோனது. தண்டவாளத் துண்டுகளைப் பிறகு வாங்கிச் சேர்த்துப் பாதையை நீட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதில் புதுமை. அப்படிச் சேர்ப்பதற்கு அகலம் மாறாமல் இருக்க வேண்டும். அதனால் அகலங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தார்கள். எண் கூடக் கூட அகலமும் கூடியது. இருப்பதில் சிறியதான ஒன்றாம் எண் 45 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது வேண்டும் என்றபோது ஒன்றுக்குக் கீழே மிச்சமிருந்தது பூஜ்ஜியம்தான். 1900 வாக்கில் 32 மில்லிமீட்டருக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு சாப்பாட்டு மேசைமேல் ஓடும் ரயில் கேட்டார்கள், பூஜ்ஜியத்தையும் ஏறக்குறையப் பாதியாக்கினார்கள். இன்று உலகெங்கும் ‘எச்ஓ’ என்று வழங்கும் அளவு ஜெர்மானியருக்கு ‘ஹால்ப் நுல்’, அதாவது அரைப் பூஜ்ஜியம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்தப் பூஜ்ஜியத்தை ஓ என்ற எழுத்தாகப் படித்ததால், கணக்கு மறைந்து எழுத்து மட்டும் நின்றது.

ஒரு வரிக் கேள்விக்குள் ஒரு தொழிலின் வரலாறும் வீட்டு மேசையின் அளவும் அடங்கியிருக்கின்றன. துணுக்குக்கும் விடுகதைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர் என்பது துணுக்கு. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் எவ்வளவு யோசித்தாலும் வராது. பூஜ்ஜியத்தில் பாதி எவ்வளவு என்பது விடுகதை. ஒன்றுக்குக் கீழே என்ன வரும் என்று யோசிக்கத் தொடங்கியவர் பாதி வழி வந்துவிடுவார். தொல்காப்பியம் விடுகதையைப் பிசி என்கிறது. உவமையால் பொருளை மறைப்பது ஒரு வகை, பொருளின் இயல்பைச் சொல்லியே அதைக் கண்டுகொள்ள வைப்பது மறு வகை என்று இரண்டாகவும் பிரிக்கிறது. எந்த வகையானாலும் விடைக்குப் போகும் வழி கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் மாதிரி ரயிலின் பழைய ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒன்று உறுதிப்படுகிறது. இவர்கள் பரிமாறிக்கொள்பவை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துணுக்குகள்போலத் தெரிகின்றன. உள்ளே அவை விடுகதைகள். துணுக்கை விடுகதையாக மாற்றுவது செய்கிற கை. ஒரு பொருளைத் தன் கையால் செய்ய வேண்டியவர் ‘என்ன’ என்பதோடு நிற்க முடியாது, ‘ஏன்’ என்று கேட்டே ஆக வேண்டும்.

கோப்பிங்கனிலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. ரயிலை நேராக ஓடவிட்டு, கடைசியில் ஒரு வளையத்தில் சுற்றவைத்து, வந்த பாதையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கொக்கி வடிவத்தில் பாதை போட்டால் போதும் என்று தோன்றும். பெரும்பாலான மாதிரி ரயில்களில் அப்படிப் போட்ட அடுத்த கணம் மின்சாரம் நின்றுவிடும். மெர்க்லின் பாதையில் மட்டும் வண்டி தடையில்லாமல் திரும்பி வரும். காரணத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்தே கண்டுபிடிக்கலாம். சாதாரணப் பாதையில் இடது தண்டவாளம் நேர்மின், வலது எதிர்மின். வளையத்தைச் சுற்றி வந்து சேரும்போது இடது தண்டவாளம் வலதோடு போய் முட்டுகிறது, ஷார்ட் சர்க்யூட். மெர்க்லினில் நடுவில் வரிசையாக உள்ள சிறு முளைகள் வழியாக ஒரு முனை வருகிறது, இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்து மறுமுனை. பாதையை எப்படித் திருப்பினாலும் நடு நடுவாகவே இருக்கும். அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற மாதிரிகளில் ஒன்றான சுவிட்சர்லாந்து ‘முதலை’ இன்ஜினும் இப்படி ஒரு விடுகதைதான். அதன் வகைப் பெயரில் 6/8 என்று இருக்கும். பின்னம்போலத் தெரியும் அந்த எண், மொத்தம் 8 அச்சுகளில் 6 அச்சுகளை மோட்டார் சுழற்றுகிறது என்பதைச் சொல்கிறது. இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரங்களை எண்ணிப் பார்க்கிறவர் யாரும் சொல்லாமலேயே விடையை அடைவார்.

கோப்பிங்கனுக்கு வடகிழக்கே நியூரம்பர்க். பிங், ஃபிளைஷ்மன், ட்ரிக்ஸ், ஆர்னால்ட் என்று குட்டி ரயில் செய்த பெயர்கள் பலவும் இந்த ஊருக்குச் சொந்தம். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில், ‘கழுகு’ என்று பொருள்படும் ‘ஆட்லர்’, 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து பக்கத்து ஊரான ஃபியூர்ட்டுக்கு ஓடியது. ஜெர்மனியின் முதல் ரயில் பாதை ஏன் 1,435 மில்லிமீட்டர் என்ற உருப்படாத எண்ணில் இருக்கிறது என்பது இங்கே எழ வேண்டிய கேள்வி. இன்ஜின் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஸ்டீபன்சன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஓட்டுநர் வில்லியம் வில்சனும் ஆங்கிலேயர். அங்கே அது 4 அடி எட்டரை அங்குலம். அந்த அரை அங்குலம் எதற்கு? ரோமானியத் தேர்களின் சக்கர அகலம் அப்படியே வந்துவிட்டது என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தேரின் அகலம் அரை அங்குலச் சுத்தமாக இரண்டாயிரம் ஆண்டு நிலைத்திருக்க வழியில்லை. ஸ்டீபன்சனின் ஆரம்பகாலப் பாதைகள் வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க வண்டிப் பாதைகளை ஒட்டி 4 அடி 8 அங்குலமாக இருந்தன. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் ஆட இடம் வேண்டும் என்று பின்னர் அரை அங்குலம் கூட்டினார்கள். மாதிரிப் பாதை போட்ட எவருக்கும் இது உடனே புரியும், ஏனென்றால் இடைவெளி விடாமல் போட்ட பாதையில் அவருடைய குட்டி வண்டியும் வளைவில் சிக்கும். தேர்க் கதை துணுக்காகவே நிற்கிறது. அரை அங்குலம் விடுகதையாகிறது. கையில் செய்து பார்க்கும் பழக்கம் எது கதை, எது காரணம் என்று சலித்தும் கொடுக்கிறது.

இதே ஊரில் ஆர்னால்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 9 மில்லிமீட்டர் பாதையைக் கொண்டுவந்தது. அந்த அளவுக்கு ‘என்’ என்று பெயர். ஜெர்மனில் ஒன்பதுக்கு நொய்ன், ஆங்கிலத்தில் நைன், பிரெஞ்சில் நஃப், இத்தாலியனில் நோவே. எந்த மொழிக்காரரும் தன் மொழியே காரணம் என்று நினைத்துக்கொள்ளலாம். நம் ஒன்பது இந்த வரிசையில் சேராது. நவராத்திரியில் உள்ள நவ சேரும். நம் பக்கத்துக் கணக்கு ஒன்றும் இங்கேயே பிறக்கிறது. இந்தியாவின் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காக, அதைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ பதினாறரை. நீலகிரி மலை ரயிலைச் செய்ய நினைப்பவருக்கு இந்தச் சங்கடம் குறைவு: மீட்டர் கேஜுக்கென்றே 12 மில்லிமீட்டர் பாதை ஐரோப்பாவில் உண்டு, சுவிட்சர்லாந்தின் மலைப் பாதைகளில் பல மீட்டர் கேஜ் என்பதால். குன்னூர் மலையேறும் பழைய இன்ஜின்களும் அதே நாட்டின் விண்டர்தூரில் பிறந்தவைதான். ஊட்டி ரயிலுக்கான பாதை சுலபமாகக் கிடைக்கிறது, சென்னை–மதுரை வண்டிக்குக் கிடைப்பதில்லை; ஏன் என்று கேட்டால், விடை ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்துக்குள் நுழைந்ததும் இந்தச் சங்கடம் ஒரு தேசத்தின் அடையாளமாகவே ஆகியிருப்பதைப் பார்க்கலாம். பிரிட்டனின் மாதிரி ரயில்கள் பெரும்பாலும் ‘இரட்டைப் பூஜ்ஜியம்’ என்ற அளவில் வருகின்றன. உண்மையின் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மில்லிமீட்டர் என்பது வண்டியின் கணக்கு. தண்டவாளமோ ஐரோப்பாவின் அதே பதினாறரை, அது அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் வந்தது. ஒரே பொம்மையில் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. இந்தப் பாதையை உண்மை அளவுக்குப் பெரிதாக்கினால் சுமார் 18 சென்டிமீட்டர் குறுகலாக இருக்கும். ரயில் பிறந்த நாட்டில் ரயிலின் அளவு ஏன் தப்பாகப் போயிற்று? பிரிட்டன் முதலில் கட்டியதால் அதன் குகைகளும் பாலங்களும் சிறியவை. அவற்றுக்குள் நுழைய வேண்டிய இன்ஜின்களும் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒல்லியானவை. அவற்றை 87இல் ஒரு பங்காகச் சுருக்கியபோது அந்தக் காலத்து மின்மோட்டார் உள்ளே அடங்கவில்லை. பாதையை மாற்றாமல் உடலை மட்டும் பெருக்கினார்கள். 1938இல் லிவர்பூலிலிருந்து வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் இந்த ஏற்பாட்டை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தன. மோட்டார் பிறகு எவ்வளவோ சிறுத்துவிட்டது, பாதை மாறவில்லை. 18.83 மில்லிமீட்டர் என்று துல்லியமாகத் தாங்களே பாதை போட்டுக்கொள்ளும் பிடிவாதக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் கடைச் சாமானை வாங்கி ஓட்டுகிறவரும் ஒரு நாள் வண்டியை எதிரிலிருந்து பார்த்து, ‘சக்கரங்கள் ஏன் இப்படி உள்ளொடுங்கி இருக்கின்றன’ என்று கேட்டுவிடுகிறார். கேட்ட நாளிலிருந்து அவரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எந்தக் கேள்விக்கும் கைபேசியில் விடை கிடைக்கும் காலத்தில், மனிதர்கள் கூடி உட்கார்ந்து இவற்றைக் கேட்டுக்கொள்வதில் என்ன பயன்? லண்டனுக்கு மேற்கே டிட்காட் நிலையத்தில் இறங்கி, சில மைல் தள்ளி லாங் விட்டன்ஹம் என்ற சிற்றூருக்குப் போனால் இதற்குப் பதில் இருக்கிறது. அங்கேயுள்ள பெண்டன் அருங்காட்சியகம் 1954இல் தொடங்கப்பட்டது. ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் தம் கண்முன்னாலேயே மாறிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவற்றை அடிக்கு 4 மில்லிமீட்டர் அளவில் காப்பாற்றத் தொடங்கினார். வீடு, வேலி, தோட்டம், ஊடே ஓடும் ரயில் என்று இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட கிராமப்புறம் அங்கே பல தலைமுறைத் தன்னார்வலர்களின் கையில் வளர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுகிறவர், ‘இந்த வீட்டின் பின்சுவர் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். மாதிரி செய்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பின்சுவர் இல்லாமல் வீடு நிற்காது. ஏதோ ஒரு செங்கல்லை ஏதோ ஒரு நிறத்தில் அவர் வைத்தாக வேண்டும். அதனால்தான் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும், கணப்புப் புகைபோக்கி எந்தச் சுவரில் இருக்கும் என்றெல்லாம் கேட்டுத் திரிகிறார். எங்கும் எழுதப்படாத கேள்விக்குக் கைபேசி என்ன விடை சொல்லும்? ஒருவர் படத்தில் கண்டது, இன்னொருவர் அளந்து வந்தது, மூன்றாமவர் தாத்தா சொல்லக் கேட்டது எல்லாம் சேர்ந்தால்தான் பின்சுவர் எழும்.

நிறம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். பழைய ரயில் படங்கள் கறுப்பு வெள்ளை. அதிலும் தொடக்ககால ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புப் பெட்டி படத்தில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். படத்தில் கறுப்பாக இருக்கும் வேகனுக்கு எந்த வண்ணம் பூசுவது? ஃபிலிமின் குணம், படம் எடுத்த ஆண்டு, பக்கத்தில் உள்ள கொடியோ பெயர்ப்பலகையோ என்ன நிறம் என்ற தகவல் எல்லாம் சேர்த்தே இதை விடுவிக்க வேண்டும். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் சரக்கு வேகன்கள் எந்த ஆண்டில் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு மாறின என்று இவர்கள் நெடுங்காலமாக வாதாடுவது இதனால்தான். வடக்கே யார்க் நகரின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இதன் எதிர்ப்பக்கம் நிற்கிறது. வில்லியம் ஸ்ட்ரவுட்லியின் இன்ஜின்களான ‘பாக்ஸ்ஹில்’, ‘கிளாட்ஸ்டன்’ இரண்டும் பழுத்த மாம்பழம்போல மஞ்சள் நிறம். அந்த நிறத்தின் பெயர் ‘மேம்பட்ட இன்ஜின் பச்சை’. ஸ்ட்ரவுட்லிக்கு நிறக்குருடு என்று விடை சொல்கிறவர்கள் உண்டு. அது ஊகம்தான். நிறமே கண்ணெதிரில் இருந்தும் பெயரின் காரணம் கிடைக்கவில்லை என்பதால், இந்தக் கேள்வி விடையில்லாமலே கைமாறிக்கொண்டிருக்கிறது. விடை தெரியாததைத் தெரியாததாகவே அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் அறிவைக் காப்பதில் சேர்ந்ததுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இந்தக் கேள்விகள் அறிவை வளர்ப்பதற்கு அல்ல, புதியவரை மட்டம் தட்டுவதற்கே பயன்படுகின்றன என்பார்கள். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் எத்தனை ரிவெட் என்று எண்ணிக் குறை சொல்கிறவரை ஆங்கிலத்தில் ‘ரிவெட் எண்ணுகிறவர்’ என்று ஏசுவார்கள். ஜெர்மனிலும் அதே பொருளில் ஒரு சொல் இருக்கிறது. இரு நாட்டிலும் தனித்தனியே வசை பிறந்திருக்கிறது என்றால் நோய் இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் நோய் கேள்வி கேட்பதில் இல்லை, காரணத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. இன்ஜினின் முகப்பில் விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளலாம். ‘விளக்கு தப்பான இடத்தில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்கிறவர் அவமானப்படுத்துகிறார். ‘முகப்பில் 4 விளக்கு எரிந்தால் உள்ளே யார்?’ என்று கேட்கிறவர் கதவைத் திறக்கிறார். பிரிட்டனில் வண்டியின் வகையைத் தூரத்திலிருந்தே சிக்னல்காரர் அறிய விளக்குகளை இடம் மாற்றி வைத்தார்கள். முகப்பின் இரண்டு மோதல் தாங்கிகளுக்கும் (பஃபர்) மேலே ஒவ்வொன்று இருந்தால் எக்ஸ்பிரஸ். நான்கும் இருந்தால் ராஜாவோ ராணியோ போகிறார். இதைக் கேட்ட சிறுவன் அடுத்த முறை விளக்கைத் தானே சரியாக வைப்பான், இன்னொருவனிடம் கேட்கவும் செய்வான். விடுகதைக்கு ஓர் ஒழுக்கம் உண்டு: போட்டவர் விடையை விடுவித்தே ஆக வேண்டும், கடைசிவரை மறைத்து வைப்பதற்கு அதில் இடமில்லை.

பயனற்ற பழைய ஏக்கம் என்ற மூன்றாவது மறுப்புக்கு அலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்த ‘இங்கிள்நுக்’ பாதையே போதும். நீளமான புத்தக அலமாரித் தட்டு ஒன்றில் அடங்கிவிடும் அமைப்பு. மூன்று சைடிங், ஒன்றில் 5 வேகன் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போகும் பாதையில் இன்ஜினோடு 3 வேகனுக்குத்தான் இடம். மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 வேகன்களை வரும் வரிசைப்படியே கோர்த்து நிறுத்த வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720. எந்த வரிசை வந்தாலும் தீர்வு உண்டு, ஆனால் அடுத்த வரிசைக்கு முந்தைய தீர்வு உதவாது. கணித ஆய்விதழ் வரை போன இந்தப் புதிருக்கு உயிர் கொடுப்பது, வேகன்கள் ஏன் வரிசையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. சரக்கு வண்டி முதல் ஊரில் விட வேண்டிய வேகன் நடுவில் மாட்டிக்கொண்டால் அந்த ஊரில் அரை நாள் போய்விடும். ஷண்டிங் யார்டில் வேலை செய்தவர்களின் மூளையுழைப்பு எத்தகையது என்பதை எந்தப் புத்தகத்தையும்விட இந்தத் தட்டு விரைவாகக் கற்றுக்கொடுக்கிறது.

யார்க் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த இன்னொரு மாதிரி இந்த வாதத்தை முடித்துவைக்கிறது. லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே 1912இல் மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில் சிக்னல்காரர்களுக்குப் பாடம் நடத்த அமைத்தது அது. வளர்ந்த மனிதர்கள் குட்டி ரயிலின் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், உண்மை ரயிலில் உயிர் போகாமல் இருப்பதற்காக. ஒரு சிக்னல் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மணியடித்துத்தான் பேசுவார்கள். 4 அடித்தால் எக்ஸ்பிரஸ் வருகிறது. 6 அடித்தால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. இடைவிடாமல் 9 அடித்தால்? வண்டி கடைசி விளக்கு இல்லாமல் போய்விட்டது என்று பொருள். ஒரு விளக்குக்காக இவ்வளவு பதற்றம் ஏன் என்பதற்கு விடை நம் ஊர் ரயிலின் பின்புறமே இருக்கிறது. கடைசிப் பெட்டியில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருப்பதைக் காணாத தமிழர் இல்லை. அது கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளம் என்று சொன்னால் துணுக்கு. கடைசிப் பெட்டி எது என்று எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்டால் விடுகதை. வழியில் இணைப்பு அறுந்து சில பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டால், முன்பாதி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நிலையத்தைக் கடந்து போகும். அந்தக் குறியைக் கண்ணால் கண்ட பிறகுதான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்று நிலையத்தார் நம்பலாம், அடுத்த வண்டிக்கு வழி விடலாம். ஒரு தகவலும் அப்படித்தான் கைமாற வேண்டும். காரணம் வழியில் கழன்றுவிட்டால், வந்து நிற்பது பார்வைக்கு முழு வண்டிபோலவே இருக்கும். கோப்பிங்கனிலும் லாங் விட்டன்ஹமிலும் யார்க்கிலும் இந்த மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருப்பது, ஒவ்வொரு தகவலின் பின்னாலும் அந்தக் கடைசிப் பெட்டி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான்.